பல்லிக்கு இரண்டு உருண்டை நூல்

1

ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்று காலை, லைப்சிக் நகரத்தின் ஒரு டிராம் நிறுத்தத்தில் நின்றபடி, கைப்பேசித் திரையில் விரலால் ஒரு கையெழுத்துப் போட்டேன். குளிரில் விரல் சொன்னபடி கேட்கவில்லை. வசந்தி என்ற என் பெயரில் பாதி, புழுப்போல நெளிந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. கோட்டுக்கு மேலே இருந்த வரி இது: இந்த வடிவமைப்பு என் ஒருத்தியுடையது, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை என உறுதி அளிக்கிறேன்.

வடிவமைப்பு என்றது ஒரு பல்லியை. கொக்கி ஊசியால் நூலில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த, ஒரு முழ நீளப் பொம்மைப் பல்லி. அதைப் பின்னுவது எப்படி என்று நான் எழுதிய குறிப்பை ஒரு பதிப்பகம் தன் பொம்மைப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறது. என் பெயரோடு. பெயருக்குக் கீழே டிசைனர் என்ற சொல்லோடு.

டிராம் வந்தது, ஏறினேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பல வாரங்களாக உட்காருகிறேன், எழுந்துகொள்கிறேன், ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

2

என் கை சும்மா இராது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் யாருடைய கையும் சும்மா இருந்ததில்லை. தறி ஓடாத நாளிலும் ஒருவர் இழை பிரித்துக்கொண்டிருப்பார், ஒருவர் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். நான் மட்டும் புத்தகம் சுமந்துகொண்டு ஏனாத்தூர் பஸ் ஏறினேன். வேதியியல் படித்தேன். கல்யாணம் ஆயிற்று. கணவருக்கு இங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைக்க, மூன்று பெட்டியும் நாலு வயது யாழினியுமாக வந்து இறங்கினேன்.

என் வேதியியலை இந்த நாடு ஏற்கவில்லை. ஏற்க வேண்டுமானால் இன்ன சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு முத்திரை, முத்திரை செல்லும் என்பதற்கு இன்னொரு முத்திரை. மூன்றாவது முத்திரையில் நான் களைத்துப்போனேன். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பிரிவில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஒவ்வொரு பனியனிலும், ஒவ்வொரு காலுறையிலும் அதற்கு உரியவர் பெயரைத் துணிச்சீட்டில் தைத்திருப்பார்கள். பெயர் பார்த்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் பெயரை மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கை எதையாவது தேடும்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வேண்டாத பொருள்களை வைத்துவிட்டுப் போகும் அலமாரியில், ஒருநாள் ஒரு கூடை கம்பளி நூலும் ஒரு கொக்கி ஊசியும் இருந்தன. எடுத்து வந்தேன். வீடியோ பார்த்து ஒரு யானை பின்னினேன். பன்றி மாதிரி வந்தது. யாழினி அதைப் பன்றி என்றே வைத்துக்கொண்டாள். அடுத்தது யானை மாதிரி வந்தது. அதற்கடுத்ததில், வீடியோக்காரர் சொன்ன காதை விட்டுவிட்டு, எங்கள் ஊர்த் தேரடியில் நிற்கும் யானையின் காதை வைத்தேன். அன்றுதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன். சொன்னதைச் செய்யாமல் விட்ட அன்று.

3

கிறிஸ்துமஸ் சந்தையில் ஒரு மேசை வாடகைக்கு எடுத்து என் மிருகங்களைப் பரப்பினேன். சந்தை மேற்பார்வையாளர் வந்தார். ஒரு யானையைத் தூக்கி, அதன் பின்புறத்தைப் பார்த்தார். பாதுகாப்பு முத்திரை எங்கே என்றார். குழந்தை கையில் கொடுக்கும் பொம்மை என்றால் தீயில் காட்டிப் பார்க்க வேண்டுமாம், கண்ணை இழுத்துப் பார்க்க வேண்டுமாம், நூலின் சாயம் எச்சிலில் கரைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கோப்பு. நான் மேசையைக் காலி செய்தேன்.

பக்கத்து மேசைப் பெண்தான் வழி சொன்னாள். பொம்மையை விற்றால்தான் இத்தனை தொல்லை. பொம்மை செய்வது எப்படி என்று எழுதி விற்றால், அது வெறும் காகிதம். இப்படித்தான் நான் டிசைனர் ஆனேன்.

அதற்கும் பதிவு வேண்டும். அலுவலகத்துக்குப் போனேன், துணைக்கு யாழினி. அப்போது அவளுக்குப் பதினொன்று. என்ன தொழில் என்று கேட்டார் அதிகாரி. கொக்கி ஊசியால் பின்னுவதற்கு ஜெர்மனில் 'ஹேக்கல்ன்' என்று பெயர். நான் 'ஹாக்கன்' என்றேன். அதற்குக் கொத்துவது என்று பொருள். கசாப்புக்கடையில் இறைச்சியைக் கொத்துவார்களே, அது.

"எதைக் கொத்துகிறீர்கள்?" என்றார் அவர், தட்டச்சை நிறுத்திவிட்டு.

"யானை. முயல். சில சமயம் கரடி," என்றேன் நான், மிகுந்த பணிவோடு. "எல்லாம் குழந்தைகளுக்காக."

யாழினி மேசைக்கு அடியில் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "அம்மா, இனிமே நான் உன்கூட வரல." சொன்னபடியே எந்த அலுவலகத்துக்கும் வருவதில்லை. டிராமில் நான் ஊசியை எடுத்தால் நாலு இருக்கை தள்ளிப் போய் உட்காருகிறாள். அவளுடைய தமிழில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. "எங்க அம்மா பள்ளி பின்றாங்க," என்று ஊரில் இருப்பவர்களிடம் போனில் சொல்கிறாள். எத்தனை மாடிப் பள்ளி என்று என் அண்ணன் கேட்கிறார். அவளுக்கு அந்தக் கிண்டல் புரிவதில்லை. புரியவைக்க முற்பட்டால் அதற்குள் கதவு சாத்தியாகிவிடும்.

4

ஏன் பல்லி? இங்கே வீடுகளில் பல்லி இல்லை. எங்கள் ஊரில் பேச்சுக்கு நடுவே சுவர் ஒரு 'ச்' கொட்டும். பார், பல்லியே சொல்லிவிட்டது என்று சொன்னவருக்கு ஒரு பலம் வரும். இங்கே நான் என்ன சொன்னாலும் சுவர் வாயைத் திறப்பதில்லை. உண்மை சொன்னாலும் அதே அமைதி, பொய் சொன்னாலும் அதே அமைதி. அப்புறம் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் மேற்கூரையில் இருக்கும் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும். படியேறி, எட்டி, அண்ணாந்து தொட வேண்டும். தொட்ட மறுகணம் "நகரும்மா, நகரும்மா" என்று பின்னால் இருந்து தள்ளுவார்கள். ஒருமுறைகூட ஆசை தீரத் தொட்டதில்லை. அந்தக் குறையைத்தான் பின்னப் பார்த்தேனோ என்னவோ.

முதுகு பொன் மஞ்சள், வயிறு வெளிர் நிறம். அங்கேதான் சிக்கல். சுற்றிச் சுற்றிப் பின்னும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நிறம் மாற வேண்டும். வேலையில்லாத நூலை உள்ளே இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். இழுத்த மஞ்சள் நூல் வயிற்றுப் பின்னலின் கண்கள் வழியே எட்டிப் பார்க்கும். நிறம் சேரும் கோடோ நேராக நிற்காமல் சாய்ந்துகொண்டே போகும். இரண்டு மாதம் பின்னினேன், பிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ அழைப்பில் கோமதி அண்ணியிடம் அதைக் காட்டினேன். அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் தறியில் நெய்ய, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு நூல் ஓடும் நாடாவை வீசுவார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் குறுக்கே ஓடும் இரண்டு ஊடை நூலையும் ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றோடொன்று கோத்துத் திருப்ப வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. தறியில் இரண்டு பேர். நெசவாளர் சங்க அட்டையில் அண்ணன் பேர்.

அண்ணி திரையை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னாமா வசந்தி, பல்லிக்கு வயித்துல புண்ணா?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. ரெண்டு மாசமா உசுரு போவுது."

"எதுக்கு ஒரு நூல இழுத்துக்கினு ஊரெல்லாம் ஓடுற? முதுகுக்கு ஒரு உருண்ட, வயித்துக்கு ஒரு உருண்ட வெச்சுக்கோ. அது அது எடத்துல அது அது ஓடட்டும். ஓரத்துல பாத்தா கை கோத்துக்கட்டும், திரும்பிக்கட்டும். அவ்ளோதான?"

"கோர்வை மாதிரியா?"

"மாதிரி இன்னா மாதிரி. கோர்வதான்."

ரயில்வே ரோட்டுக் கடையில் உல்லன் நூல் வாங்கி, மறுநாளே பின்னிக் காட்டினார். பல்லியின் விலாவில் பொன்னும் வெளிரும் சேரும் இடத்தில் சின்னச் சின்னப் பல் வரிசை, புடவைக் கரையில் கோபுரம் கோபுரமாக ஏறுமே, அந்த ரேக்கு போல. நானும் அப்படியே பின்னி இணையத்தில் படம் போட்டேன்; அந்தப் பல் வரிசையைப் பார்த்துத்தான் பதிப்பகம் என்னைக் கூப்பிட்டது. பல்லி புத்தகத்தில் வரப்போகிறது என்று மட்டும் அண்ணியிடம் சொன்னேன்.

நான் கையெழுத்துப் போட்டது இதன் மேல்தான்.

5

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் குறிப்பைச் சோதிப்பார்கள். முன்பின் தெரியாத எட்டுப் பெண்கள், எட்டு ஊர்களில், நான் எழுதியதை மட்டும் வைத்துப் பின்னிப் பார்ப்பார்கள். பதிப்பாசிரியர் காத்ரின் எட்டுப் படங்களையும் அனுப்பினார்.

எட்டுப் பல்லிகளுக்கும் விலா திறந்திருந்தது. முதுகு தனி, வயிறு தனி. நடுவில் நீள நீளமாய்ப் பிளவு, அதன் வழியே பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. பெரிய விபத்து ஒன்றில் அடிபட்டவைபோல எட்டும் வரிசையாகப் படுத்திருந்தன.

என் குறிப்பைத் திரும்பப் படித்தேன். "ஓரம் வந்ததும் திரும்பவும்" என்று மட்டும் எழுதியிருந்தேன். கோத்துத் திரும்ப வேண்டும் என்று எழுதவில்லை. எழுதவே தோன்றவில்லை. இரண்டு நிறம் சந்தித்தால் கோத்துக்கொள்ளாமல் எப்படித் திரும்பும்? காஞ்சிபுரத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லையே!

"அவர்கள் நீங்கள் எழுதியதைத்தான் செய்வார்கள்," என்று காத்ரின் எழுதினார். "எந்த நூல் மேலே, எந்த நூல் கீழே, எப்போது? தெளிவாகச் சொல்லுங்கள்."

எனக்குத் தெரியவில்லை. என் கை ஏதோ செய்துகொண்டிருந்தது. சில வரிசைகளில் உருண்டைகள் முறுக்கிக்கொள்ளும், பிரித்து விடுவேன், மறுபடி முறுக்கும். அவ்வளவுதான் தெரியும். அண்ணிக்குப் போன் போட்டேன். வழிநடத்தும் படங்களை வரைந்து தருவது யாழினி என்பதால் அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"போறப்ப மஞ்சளு மேல வரணும், திரும்பி வரப்ப கீழ வரணும்," என்றார் அண்ணி. "ரெண்டு தபாவும் மேலயே போட்டா உருண்ட ரெண்டும் கயிறாட்டம் முறுக்கிக்கும். உனக்கு முறுக்கிக்குதா?"

"ம்."

"அப்ப நீ மேலயே போட்டுக்கினு கீற. இத்தினி மாசமா முறுக்குனத பிரிச்சிக்கினா இருந்த? கேட்டா இன்னா, வாய்ல முத்தா உதுந்துடும்?"

யாழினி குறித்துக்கொண்டாள். அம்புக்குறி மேலே, அம்புக்குறி கீழே. போனை வைத்ததும் பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டாள், ஜெர்மனில்: "அப்போ இது அத்தையோட யோசனையா?"

"கொஞ்சம்," என்றேன்.

"எந்தக் கொஞ்சம் உன்னுது?"

தலை, வால், கால்விரல், கண் எல்லாம் என்னுடையதுதான். பல்லி என்னுடையது. ஆனால் அதைப் பல்லியாகப் பிடித்து நிறுத்துவது என்னுடையதில்லை. கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கத்தவில்லை. அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிப் படித்தாள். "இது உண்மை இல்லம்மா," என்றாள். இதைத் தமிழில் சொன்னாள். மூன்று சொல்லிலும் ஓர் உச்சரிப்புப் பிழைகூட இல்லை.

6

அன்று மாலையே காத்ரினுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் உடனே வந்தது, கோபமில்லாமல், வளைந்துகொடுக்காமல். இரண்டு பேர் என்றால் ஒப்பந்தமும் இரண்டு பேருக்கு. இருவரும் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பல்லியை எடுத்துவிட்டு வேறொரு பொம்மையைப் போட வேண்டியிருக்கும்.

அண்ணியிடம் என்ன சொல்வது? உங்கள் யோசனையை என் பெயரில் எழுதிக்கொண்டேன் என்றா? இரண்டு நாள் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். டிராமில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள், புதன்கிழமை, எனக்கு ஒரு தியாக வெறி வந்தது. "பல்லியை எடுத்துவிடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன்," என்று காத்ரினுக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனம் லேசாகி, அந்தச் சூட்டிலேயே அண்ணியைக் கூப்பிட்டு முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

தறிச் சத்தம் நின்றது. அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அண்ணி போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"புஸ்தகத்துல வர வேணாம்னு நீயே எழுதிட்டியா?"

"ஆமா அண்ணி. உங்களுக்குப் பண்ணது தப்புன்னு..."

"என்னிய கேட்டியா?"

"இல்ல அண்ணி."

"எடுத்துக்கினப்பவும் கேக்கல. தூக்கிப் போட்டப்பவும் கேக்கல. அது இன்னாமா, உம் பல்லி, உம் பாவம், உம் புண்ணியம், எல்லாமே உன்னுதா? நா பின்னிக் காட்டுனேனே, அது வரப்போவுதுன்னு தெருவுல நாலு பேருகிட்ட சொல்லி வெச்சிக்கிறேன். மணி அம்மா தெனம் கேக்குறா, இன்னாடி, உன் ஜெர்மனி பல்லி வந்துச்சான்னு. அவ மூஞ்சிக்கு இப்ப நா இன்னா சொல்லட்டும்?"

பதினோரு வருடத்தில் அண்ணி என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அதற்கு முன்பும்தான். நான் வாய் திறக்குமுன் லைன் போய்விட்டது. போகவில்லை, வைத்துவிட்டார்.

கைகள் மடியில் கிடந்தன. ஊசியைத் தேடவில்லை.

7

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. ஐந்தாவது முறை எடுத்தார். பின்னணியில் யாரோ தண்ணீர்க் குடம் வைக்கும் சத்தம்.

"அண்ணி," என்றேன், "என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க."

"அந்தக் காயிதத்த அனுப்பு," என்றார். "படிக்காம நா எதுலயும் கையெழுத்து போட மாட்டேன்."

காத்ரினுக்கு எழுதினேன்: காலையில் அனுப்பிய கடிதத்தை மறந்துவிடுங்கள். "எந்தக் கடிதம்?" என்று பதில் வந்தது. "இன்று புதன். வெள்ளி வெள்ளிதான்."

ஒப்பந்தம் ஏழு பக்கம். வியாழன் முழுக்க விடுப்பு எடுத்துக்கொண்டு தமிழில் படித்துச் சொன்னேன். நான் டிராம் நிறுத்தத்தில் இரண்டே நிமிடத்தில் தள்ளிக்கொண்டு போன பக்கங்களை அண்ணி வரி வரியாக நிறுத்தினார். எத்தனை வருஷத்துக்கு? வேறு பாஷையில் போட்டால் நமக்குச் சொல்வார்களா? வரும் பணம் யார் கணக்குக்கு? ஐந்தாம் பக்கத்தில் கேட்டார்:

"நாளைக்கு இந்தப் பல்லிய நா ஒரு பொடவ கரையில போட்டா, கேஸ் கீஸ் போடுவாங்களா?"

எனக்கு அது உதித்ததே இல்லை. காத்ரினைக் கேட்டேன். அவருக்கும் உதித்ததில்லையாம். ஒரு வரி புதிதாகச் சேர்த்து அனுப்பினார்: நெய்த துணியில் இந்த உருவைப் பயன்படுத்தும் உரிமை வடிவமைப்பாளர்களிடமே இருக்கும்.

"பன்மையில போட்டுக்கிறாங்களா?" என்றார் அண்ணி. போட்டிருக்கிறார்கள் என்றேன்.

கடைசிப் பக்கம். புத்தகத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு கட்டம். அதில் என் பெயர் முன்பே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கால்புள்ளி போட்டு, "கோமதி சரவணன்" என்று தட்டினேன். தட்டியதைப் படித்துக் காட்டினேன்.

"சரவணன் எதுக்கு? உங்கண்ணனா பின்னுனாரு? எங்கப்பா எழுத்தப் போடு. மு. கோமதி."

சரவணனை அழித்தேன்.

"முன்னாடி போடு."

"அதான் அண்ணி, இனிஷியல் முன்னாடிதான்..."

"அது இல்லமா. எம் பேர முன்னாடி போடு. உன்னுது அப்பால."

சிரிப்பு இல்லை அந்தக் குரலில். கோபமும் இல்லை.

"ஏன் அண்ணி?"

"ஏனா? ஒரு தபா போட்டுத்தான் பாரேன், இன்னா ஆவுதுன்னு."

உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை: எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பாதியைக் கொடுக்கச் சம்மதித்திருந்தேன். மொத்தத்தையும் தூக்கிப் போடக்கூடத் துணிந்திருந்தேன். ஆனால் முதல் இடம்? எத்தனை அலுவலகம், எத்தனை வரிசை, எத்தனை முத்திரை! இந்த நாட்டில் என் பெயர் எதிலாவது முதலில் நின்றது என்றால், அது இந்த ஒரு கட்டத்தில்தான். கர்சர் என் பெயரின் முதல் எழுத்துக்கு முன்னால் போய் நின்று துடித்துக்கொண்டிருந்தது. என் விரல் விசைக்கு மேலே, தொடாமல்.

"இன்னாமா, நெட்டு போச்சா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. இருக்கேன்."

என் பெயருக்கு முன்னால், அவருடைய அப்பாவின் எழுத்தைத் தட்டினேன். பிறகு ஒரு புள்ளி.